கோடில் பெயர் வந்தது என்பதற்காகப் பாகத்தை மாற்றாதீர்கள்

காரின் சாக்கெட்டில் சொருகும் புளூடூத் ஸ்கேனர் மலிவாகிவிட்டதால், மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்துப் பட்டணங்களில் ஃபோர்மனிடம் (மெக்கானிக்கிடம்) போகும் முன்பே பலர், காரின் கணினி பதிந்து வைக்கும் பழுதுக் குறியீடான கோடை (code) கைப்பேசியில் பார்த்துவிடுகிறார்கள். நல்லதுதான். பணம் வீணாவது அதற்கு அடுத்த அடியில். கோடில் எந்தப் பாகத்தின் பெயர் வருகிறதோ, அதையே ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய்க் கேட்கிறார்கள்.

பி0171-ஐ எடுத்துக்கொள்வோம். காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்பதுதான் அதன் பொருள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஆக்சிஜன் சென்சார் என்பதால், முதலில் அதைத்தான் மாற்றுகிறார்கள். எய்தவன் இருக்க அம்பை நோகிற கதை. செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் ஓடும் காரில் ஏர் ஃபில்டரை அடிக்கடி கழற்றி ஊதுவார்கள். திரும்ப மாட்டும்போது ரப்பர் குழாயின் கிளிப் சரியாக உட்காராமல் போகும். இல்லையென்றால் குழாயின் மடிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். காற்றின் அளவை அளக்கும் மாஃப் (MAF) சென்சாருக்குப் பிறகு இப்படி ஓட்டை விழுந்தால், கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. கோடு வருகிறது. குழாயை விரலால் விரித்து, அடிப்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். காற்றின் அழுத்தத்தை அளக்கும் மாப் (MAP) சென்சார் மட்டும் உள்ள கார்களில், காற்றைத் திறந்து மூடும் திராட்டலுக்கு முன்னால் உள்ள ஓட்டை இந்தக் கோடைத் தராது. ஆனால் தூசி நேராக இஞ்சினுக்குள் போகும்.

ஸ்கேனரில் கோடை மட்டும் பார்ப்பது பாதி வேலை. இஞ்சின் சூடானதும் லைவ் டேட்டாவில் ஃபியூவல் டிரிமை, அதாவது கணினி பெட்ரோலை எத்தனை சதவிகிதம் கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பாருங்கள். ஷார்ட், லாங் இரண்டையும் கூட்டி வரும் எண் பத்து சதவிகிதத்துக்குள் இருந்தால் பெரிதாகக் கவலை இல்லை. ஐடிலில் (வண்டி நின்று இஞ்சின் சும்மா ஓடும்போது) +20 காட்டி, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் காற்றுக் கசிவு. வேகத்தில் ஏறினால் ஃபியூவல் பம்பு, ஃபில்டர் அல்லது அழுக்கேறிய மாஃப் சென்சார் பக்கம் போங்கள்.

ஃபில்டரை ஊதுவதிலும் தவறு நடக்கிறது. டயர் கடை கம்ப்ரஸரை வெளிப்பக்கத்திலிருந்து அடித்தால் தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாக இறங்கும், காகிதமும் கிழியும். உள்ளிருந்து வெளியே, தள்ளி நின்று, மெதுவாக ஊத வேண்டும். கறுத்துப் போனதை ஊதிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. உடனே பிளக்குக்கு மின்சாரம் தரும் நாலு காயிலும் வாங்காமல், முதல் காயிலை இரண்டாவதன் இடத்தில் மாற்றிப் போட்டு, கோடை அழித்து ஓட்டிப் பாருங்கள். பி0302 ஆக மாறினால் காயில்தான் பழுது. மாறாமல் நின்றால் பிளக், பிறகு இன்ஜெக்டர், கம்ப்ரஷன். செக் இஞ்சின் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் சோதனையெல்லாம் பிறகு. வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும்.

கோடை எழுதி வைக்காமல் அழிப்பவர்களால்தான் ஃபோர்மனுக்குத் தலைவலி. கோடு விழுந்த நேரத்தில் இருந்த ஆர்பிஎம், வெப்பம், வேகம் எல்லாம் ஃபிரீஸ் ஃபிரேமில் பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும்.

இன்னொரு பழைய பழக்கம்: இஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை, "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்று கழற்றி எறிவது. இஞ்சின் தேவையான சூட்டுக்கு வராததால், இன்னும் வார்ம் அப் ஆகவில்லை என்று கணினி நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். இஞ்சின் சூடு போதவில்லை என்னும் பி0128 வருவதும் இதனால்தான். சூடு ஏறுகிறதென்றால் ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், வாட்டர் பம்பு ஆகியவற்றைப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள்.

கோடுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஐந்தாறு வந்தால், எதையும் வாங்குமுன் பேட்டரியை அளந்து பாருங்கள். இஞ்சின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது சுமார் 14 இருக்க வேண்டும். வோல்ட் இறங்கினால் கணினி இல்லாத பழுதையெல்லாம் சொல்லும். ஸ்கேனரைச் சொருகியே விட்டுவிடுவதும் பேட்டரிக்கு ஆகாது: சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் சாவி எடுத்த பிறகும் கரண்ட் இருக்கும். ஒரு வாரம் நிறுத்தி வைக்கும் காரில் இது போதும், ஸ்டார்ட் ஆகாமல் போக.

கார்புரேட்டர் வைத்த பழைய பெரோடுவா கஞ்சில், புரோட்டான் சாகா கார்களுக்கு ஸ்கேனர் தேட வேண்டாம். அதற்கு இன்னும் ஸ்குரூ டிரைவரும் காதும்தான்.