காப்பீட்டு அட்டையில் மனைவி பெயர் ஏறவில்லையா? எங்களுக்குத் தீர்ந்த விதம்

கட்டட வேலை பார்க்கும் தம்பியிடம் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தது. அவன் மனைவிக்கு ஆபரேஷன் என்றதும், ‘இவர் பெயர் இதில் இல்லை’ என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஆதார், திருமணப் பதிவுச் சான்று, நலவாரிய அட்டை எதுவும் எடுபடவில்லை.

இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் இருப்பவர்கள்தான். அவள் பெயரோ இன்னும் பிறந்த வீட்டுக் கார்டில். அங்கே நீக்கினால்தான் தம்பி கார்டில் சேர்க்க முடியும். ரேஷன் கார்டில் சேர்ந்தபிறகும் காப்பீட்டு அட்டை தானாக மாறவில்லை. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். புதிய ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார், விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) தரும் வருமானச் சான்று (ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள்) இவற்றோடு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போனோம். பெயர் ஏறியது, அப்பாடா! கல்யாணமான கையோடு இதை முடித்துவிடுங்கள்.