டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகு லயத்து வீட்டில்: படிப்படியாக ஒரு செய்முறை

டிஸ்க் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கிளினிக் கொப்பியையும் மாத்திரைகளையும் கொடுத்து, "குனியாதீங்க, பாரம் தூக்காதீங்க, நல்லா நடங்க" என்பார்கள். சமதரையில் வீடு உள்ளவர்களுக்கு அது போதும். ரோட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் படி ஏறி, குழாயடிக்கு ஒரு பக்கமும் கக்கூசுக்கு இன்னொரு பக்கமும் இறங்கி நடக்கிற நமக்குப் போதாது. கொழுந்து எடுக்கும் என் அம்மாவுக்கு இடுப்பில், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்தியதால் மைக்ரோடிஸ்செக்டமி, அதாவது சின்னதாக வெட்டிப் பிதுங்கிய துண்டை எடுக்கும் ஆபரேஷன், செய்தார்கள். இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம் எங்கள் லயத்தில் அவரைப் பார்த்துக்கொண்ட விதத்தை எழுதுகிறேன். உங்கள் டொக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்று இன்னும் யோசிப்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகள். நெதர்லாந்தில் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடுமையான கால்வலி இருந்த 283 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பொறுத்துப் பார்த்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறியிருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 39 பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போனதும் உண்மை. 2020இல் வெளியான கனடா ஆய்வில், நான்கு மாதத்துக்கு மேல் வலி இழுத்தவர்களுக்கு ஆபரேஷனே கூடுதலாக உதவியது. ஆகவே ஆரம்பத்தில் பொறுக்கலாம், மாதக்கணக்கில் இழுத்தால் பயப்படாமல் செய்யலாம். ஒன்றுக்கு மட்டும் பொறுக்கவே கூடாது: சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கைச் சுற்றி மரத்துப்போனாலோ அன்று இரவே த்ரீவீல் (ஆட்டோ) பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

1. ஆள் வரும் முன்னே வீட்டை மாற்றுங்கள்

கட்டில் கால்களுக்கு அடியில் கல் வைத்து, உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட உயராத அளவுக்கு உயர்த்துங்கள். கட்டில் ஆடக் கூடாது. கையில் கொஞ்சம் காசு இருந்தால் முதலில் கொமட் நாற்காலி (குந்தாமல் உட்கார்ந்தே கக்கூசு போகும் நாற்காலி) வாங்குங்கள். இடுப்புப் பெல்ட்டுக்குச் செலவழிப்பதைவிட இது பல மடங்கு மேல், ஏனென்றால் குந்தி எழும்புவதுதான் நம் வீடுகளில் பெரிய சோதனை. செருப்பை ஒதுக்கிவிட்டு, அடி வழுக்காத சப்பாத்து ஒன்று எடுங்கள். பாசி பிடித்த படியில் செருப்பை நம்ப முடியாது.

2. கட்டிலை விட்டு எழும்புவது

எங்களுக்கு அதிகம் கஷ்டம் கொடுத்தது இதுதான், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். மல்லாந்து படுத்தபடி இரண்டு முழங்காலையும் மடக்க வேண்டும். தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பும்படி, மரக்கட்டை உருள்வதுபோல ஒரு பக்கமாக உருள வேண்டும். அப்புறம் இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே, கீழே உள்ள முழங்கையாலும் மேலே உள்ள கையாலும் மெத்தையை ஊன்றி எழும்ப வேண்டும். படுக்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அம்மா இதை அழகாகச் செய்தார். வீட்டில் முடியவில்லை. காரணம் கம்பளி. பனிக்காலம் என்பதால் இரண்டு கம்பளி போர்த்தியிருந்தார். உருளும்போது தோள் திரும்பும், கம்பளிக்குள் சிக்கிய கால் திரும்பாது. இடுப்பு முறுக்கிக்கொள்ளும், "ஐயோ" என்பார். எழும்புவதற்கு முன்பே கம்பளியைக் கால்மாட்டுக்குச் சுருட்டித் தள்ளிவிட்டோம், அதோடு சரியானது. இன்னொன்று, பார்க்க வரும் பக்கத்து வீட்டு அக்காமார் பாசத்தில் இரண்டு கையையும் பிடித்து இழுத்து எழுப்பப் பார்ப்பார்கள். விடாதீர்கள். அவர்கள் பக்கத்தில் நின்றாலே போதும்.

3. நடை

முதல் நாளிலிருந்தே நடக்கலாம். கொஞ்ச தூரம், பல தடவை. மழை நாளில் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பிலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வரட்டும். சமதரை பழகியபின் படி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலித்த கால் முதலில். மலையில் இறக்கமே கூடுதல் கவனம் கேட்கும். நீண்ட நேரம் உட்கார விடாதீர்கள்.

கால்வலி சட்டென்று குறைந்தாலும் மரமரப்பு உடனே போகாது. நரம்பு தேற மாதங்கள் எடுக்கலாம். மரமரப்பு இருக்கிறது என்பதற்காக ஆபரேஷன் பிழையாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். புதிதாகக் கால் பலம் குறைந்தால், காயத்தில் நீர் வடிந்தால், காய்ச்சல் வந்தால் கிளினிக் திகதி வரை காத்திருக்காதீர்கள்.

4. உடற்பயிற்சி

"அசைந்தால் டிஸ்க் திரும்ப வந்துடும்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். திரும்பப் பிதுங்குவது உண்டு, நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் உடற்பயிற்சியால் அது கூடுவதாகத் தெரியவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் அமைப்பின் 2014 அறிக்கை, ஆபரேஷன் முடிந்து நான்கு முதல் ஆறு வாரத்தில் பயிற்சி தொடங்கியவர்களுக்கு வலியும் இயலாமையும் வேகமாகக் குறைந்தன என்கிறது. மறு ஆபரேஷன் கூடியதற்கு ஆதாரம் இல்லை என்றும் சொல்கிறது. ஆகவே முதல் கிளினிக்கிலேயே பிசியோதெரபிக்கு எழுதித் தரும்படி வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவர்களுக்குச் சில நேரம் கிடைப்பதில்லை.

5. மலைக்கு (கொழுந்து வேலைக்கு) திரும்புவது

அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்துவிடுமே என்ற கவலையில் சீக்கிரம் போகத் துடிப்பார்கள். எப்போது போகலாம், எவ்வளவு பாரம் தூக்கலாம் என்பதை டொக்டரிடம் எழுத்தில் வாங்கி, தோட்டத்தில் கொடுங்கள். வாய்ச்சொல் கங்காணியோடு நின்றுவிடும். தலையில் மாட்டிய கொழுந்துச் சாக்கு நிறையும் வரை இழுத்துக்கொண்டே போகாமல் பாதியில் கொட்டிவிட வேண்டும்.

பின்சேர்க்கை: மலச்சிக்கலைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். டிரமடோல், கோடீன் போன்ற வலிமாத்திரைகள் குடலை மந்தமாக்கும், முக்கினால் இடுப்பில் சுரீர் என்கும். தண்ணீர், பப்பாசிப்பழம், கீரை கொடுங்கள். அப்படியும் போகாவிட்டால் இளக்கும் மருந்தை டொக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று: தைலம் தேய்க்கலாமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். காயம் முழுதாக ஆறும் வரை அதன் மேலோ பக்கத்திலோ எதுவும் தேய்க்காதீர்கள், காயம் காய்ந்தபடி இருக்கட்டும். கால் உளைந்தால் கெண்டைக்கால் வீங்கியிருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தேய்க்கவே வேண்டாம். அது இரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.