பொன்முலாம் காலத்து அமெரிக்காவைப் பேரேடு வைத்துப் படிக்கும் முறை

முதுகலை வரலாற்றில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் பற்றிய தாளை எழுதவிருப்பவர்கள், உள்நாட்டுப் போர் முடிந்த 1865-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட ‘பொன்முலாம் பூசிய காலத்தை’ப் பெருந்தொழில், குடியேற்றம், அரசியல் ஊழல் என்று மூன்று தனிப் பாடங்களாக மனப்பாடம் செய்கிறார்கள். மூன்றுக்கும் உள்ள தொடர்பைக் கேட்கும் வினா வந்ததும் திணறிவிடுகிறார்கள் என்பதை, சேலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடத்தும் வகுப்பில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்களுக்கு நான் சொல்லும் வழி, செவ்வாய்ப்பேட்டை மண்டிக் கடைகளில் வைத்திருப்பதைப் போல ஒரு பேரேடு வைத்துப் படிப்பதுதான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இடப்புறம் கொடுத்தவரையும் கொடுத்ததையும், வலப்புறம் பெற்றவரையும் பெற்றதையும் எழுதுங்கள். அடியில் ஒரு கோடு போட்டு, அதன் சுமை யார் தலையில் விழுந்தது என்று குறியுங்கள். அந்தக் கடைசி வரியை எழுத முடியவில்லை என்றால் அந்தப் பாடம் இன்னும் புரியவில்லை என்று பொருள், மீண்டும் படியுங்கள்.

முதல் பக்கம் ரயில் பாதைக்கு உரியது, ஏனெனில் மற்றவை பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. கண்டத்தின் குறுக்கே பாதை போட முன்வந்த யூனியன் பசிபிக், சென்ட்ரல் பசிபிக் ஆகிய இரண்டு கம்பெனிகளுக்கும் 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு நிலத்தை மானியமாகத் தந்தது. அத்துடன் மைல் ஒன்றுக்குச் சமவெளியில் 16,000 டாலர், மலையில் 48,000 டாலர், இரண்டுக்கும் நடுப்பட்ட மேட்டு நிலத்தில் 32,000 டாலர் என்ற வீதத்தில் கடன் பத்திரங்களையும் வழங்கியது. இதனால் மலை எங்கே தொடங்குகிறது என்பதே பணக் கேள்வி ஆகிவிட்டது. அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டுப் பேருந்தில் ஏறுபவருக்குக் கோரிமேட்டைக் கடந்து, அடிவாரம் வந்து, முதல் கொண்டை ஊசி வளைவு திரும்பும்போதுதான் மலை தொடங்குகிறது. அஸ்தம்பட்டியிலேயே சேர்வராயன் மலை தொடங்கிவிட்டது என்று ஒருவர் சான்றிதழ் வாங்கி, அங்கிருந்தே மலைக் கணக்கில் பணம் பெற்றால் எப்படியிருக்கும்? சென்ட்ரல் பசிபிக் விஷயத்தில் அதுதான் நடந்தது. கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரிலிருந்து சுமார் 7 மைலில், தரை தட்டையாகவே கிடந்த ஆர்க்கேட் ஓடையருகே சியரா நெவாடா மலை தொடங்குவதாக மாநில நிலவியல் அறிஞர் சொல்ல, அதிபர் லிங்கனும் அதை ஏற்றுக்கொண்டார்.

அடுத்த பக்கத்தில் கிரெடிட் மொபிலியரை எழுதும்போது, இடப்புறமும் வலப்புறமும் ஒரே பெயர்கள் வருவதைக் காண்பீர்கள். யூனியன் பசிபிக்கின் உள்வட்டத்தினரே அந்தக் கட்டுமானக் கம்பெனியையும் கைக்குள் வைத்துக்கொண்டு, பாதை போடும் வேலையை மிகை விலைக்கு அதற்கே கொடுத்தார்கள். நாடாளுமன்றம் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டுமே என்பதற்காக, மாசசூசெட்ஸ் மாநில உறுப்பினர் ஓக்ஸ் ஏம்ஸ் அதன் பங்குகளைச் சக உறுப்பினர்களுக்கு மலிவாக விற்றார். கையில் பணமில்லாதவர்கள் பின்னால் வரும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றும் இடம் கொடுத்தார். 1872-இல் நியூயார்க் சன் நாளிதழ் இதை வெளிப்படுத்தியது. 1873-இல் ஏம்ஸ் மீது சபை கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. சிறைக்குச் சென்றவர் ஒருவருமில்லை. குடியேறியவர்கள் பெருகியதால் ஊழல் பெருகியது என்று விடைத்தாளில் எழுதும் வழக்கத்தை இந்தப் பக்கத்தோடு விட்டுவிடுங்கள். இந்தக் கணக்கின் இரு புறமும் இருந்தவர்கள் நாட்டின் மேல்தட்டினர்.

எண்ணெய்க்கான பக்கத்தை எழுதுமுன் லீ பஜாரில் ஒரு மொத்த வியாபாரியிடம் லாரி வாடகை எப்படிப் பேசப்படுகிறது என்று கேட்டு வாருங்கள். அதிகச் சரக்கு ஏற்றுபவருக்கு வாடகை குறையும் என்பார், அதில் வியப்பில்லை. ஆனால் போட்டிக்காரர் ஏற்றும் ஒவ்வொரு ஜவ்வரிசி மூட்டைக்கும் அவர் கட்டிய வாடகையிலிருந்து ஒரு பங்கு இவருக்கு வந்து சேரும் என்றால் அது வியாபாரமாகுமா? 1872-இல் ஸ்டாண்டர்ட் ஆயில் எண்ணெய்க் கம்பெனியின் அதிபர் ராக்பெல்லரும் ரயில் கம்பெனிகளும் சேர்ந்து வகுத்த சவுத் இம்ப்ரூவ்மென்ட் திட்டத்தில் அப்படித்தான் இருந்தது. எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் கொதித்தெழுந்ததால் திட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே கைவிடப்பட்டது. ஆனால் அந்தச் சில வாரங்களுக்குள் கிளீவ்லாந்தில் இருந்த 26 சுத்திகரிப்பு ஆலைகளில் 22 ஸ்டாண்டர்ட் ஆயில் வசம் வந்துவிட்டன. அன்று அந்த ஆலைகளின் முக்கியச் சரக்கு பெட்ரோல் அல்ல, விளக்கெரிக்கும் சீமெண்ணெய் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஏகபோகத்தைத் தடுக்க வந்த 1890-ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டத்தின்கீழ் அந்தக் கம்பெனி உடைக்கப்பட 1911 வரை ஆயிற்று.

நியூயார்க் நகரத்துக்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்குங்கள். முதலாவது, நகர ஜனநாயகக் கட்சியை ஆட்டிப்படைத்த பாஸ் ட்வீடின் டம்மனி ஹால் குழு கட்டிய நீதிமன்றக் கட்டடம். 2,50,000 டாலரில் முடிந்திருக்க வேண்டிய அதன் செலவு 1 கோடி டாலரைத் தாண்டியது. அலாஸ்கா முழுவதையும் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கிய காலம் அது. ஒப்பந்தக்காரர்கள் பில் தொகையைப் பன்மடங்கு உயர்த்தி எழுதி, மிகையான பணத்தைக் குழுவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1871-இல் அலுவலகத்துக்குள் இருந்தவர்களே நகல் எடுத்துக் கொடுத்த கணக்கேட்டை நியூயார்க் டைம்ஸ் அச்சிட்டதால்தான் ட்வீட் விழுந்தார். நாம் நோட்டில் செய்வதும் அதே வேலைதான்.

இரண்டாவது பக்கம், ட்வீடுக்குப் பின்னும் நீடித்த வார்டு அரசியல். 1881 முதல் 1890 வரையிலான பத்தாண்டில் மட்டும் சுமார் 52 லட்சம் பேர் அமெரிக்காவில் வந்திறங்கினார்கள். அவர்களுக்கு அரசு எதுவும் செய்யவில்லை. குளிருக்கு நிலக்கரியும், வேலையும், வழக்கென்றால் ஜாமீனும் கட்சியின் வார்டு ஆள்தான் கொடுத்தார், பதிலுக்கு வாக்கைப் பெற்றார். இதை வெறும் ஏமாற்று என்று எழுதினால் வந்திறங்கியவரின் தேவை மறைந்துவிடும். வெறும் உதவி என்று எழுதினால் அந்த உதவிக்கான பணம் நகரத்தின் வரிப்பணம் என்பது மறைந்துவிடும். 1876–78 பஞ்சத்தில் சேலம் ஜில்லா நொடிந்த அதே காலத்தில், நம் பகுதி மக்கள், தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் கங்காணியின் முன்பணத்தை நம்பி இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றார்கள். கங்காணியோடு வார்டு ஆளை ஒப்பிடலாம். ஆனால் நம்மவர்களிடம் கொடுக்க வாக்கு இல்லை என்ற வேறுபாட்டை அழுத்தமாக எழுதுங்கள்.

அந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்து மலைக்குத் திரும்புங்கள். அந்த மலையைக் குடைந்து பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். 1867 ஜூனில் அவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தியபோது, கம்பெனி உணவுப் பொருள் வருவதைத் தடுத்து ஒரு வாரத்தில் அவர்களைப் பணிய வைத்தது. வெளிநாட்டில் பிறந்த சீனர் குடியுரிமை பெறச் சட்டத்தில் வழியில்லை. ஆகவே அவர்களைத் தேடி எந்த வார்டு ஆளும் வரவில்லை. 1882-இல் சீனத் தொழிலாளர் நுழையவே கூடாது என்று சட்டம் வந்து, அது 1943 வரை நீடித்தது. மைலுக்கு 48,000 டாலர் என்ற வரியின் அடியில், சுமை என்ற இடத்தில், இவர்களை எழுதுங்கள். வகுப்பில் இந்த வரியை எழுதும்போது நான் ஒருபோதும் அவசரப்படுவதில்லை.

கடைசியாக 1883-ஆம் ஆண்டுப் பெண்டில்டன் சட்டம். அரசு வேலை கிடைக்காத ஒருவன் 1881-இல் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்ட பிறகு, அதுவரை கட்சிச் செல்வாக்கில் கிடைத்துவந்த அரசு வேலைகளில் ஒரு பகுதியைத் தேர்வு வைத்து நிரப்பவும், ஊழியரிடம் கட்சிக்குச் சம்பளப் பங்கு பிடிப்பதைத் தடுக்கவும் அது வந்தது. ஒரு வரவு அடைபட்டதும் கட்சிகள் பெருங்கம்பெனிகளிடம் மேலும் நெருங்கின. 1896 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கின்லிக்காக ஸ்டாண்டர்ட் ஆயில் மட்டும் 2,50,000 டாலர் கொடுத்தது.

தேர்வில் பதினைந்து மதிப்பெண் வினாவுக்கு வரையறையில் தொடங்காதீர்கள். நீதிமன்றக் கட்டடத்தின் பில்லில் தொடங்கி, வார்டு ஆளின் நிலக்கரி வழியாக ரயில் பாதைக்கு வந்து, எண்ணெய்க்கு ஒரு பத்தி கொடுத்து, சியரா நெவாடா மலையில் முடியுங்கள்.