ஸ்டிங் புரதம்: அளவைப் பார்த்து இடத்தைக் கோட்டை விடாதீர்கள்

இடம் தவறிய டிஎன்ஏவைக் கண்டதும் செல் எச்சரிக்கை எழுப்பும் பாதை இது. பாடப்புத்தகப் படத்தில் மேலே சி-காஸ் என்ற உணரி, அதன் கீழே ஸ்டிங், பிறகு சேதி கடத்தும் டிபிகே1, ஐஆர்எஃப்3 என்ற புரதங்கள், கடைசியில் இன்டர்ஃபெரான் என்ற நோயெதிர்ப்புப் புரதம். நடுவே அம்புக்குறிகள். தேர்வுக்கு இது போதும். ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் இதே படம் காலை வாரிவிடும். காரணம், அந்த அம்புகளில் ஒன்று உண்மையில் ஒரு பயணம்.

சைட்டோபிளாசத்தில், அதாவது உட்கருவுக்கு வெளியே உள்ள செல் பகுதியில், டிஎன்ஏ தென்பட்டால், வைரஸ் கொண்டுவந்ததோ மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசிந்ததோ, சி-காஸ் அதைப் பிடித்துக்கொண்டு சிஜிஏஎம்பி என்ற சிறு மூலக்கூறைத் தயாரிக்கிறது. அது எண்டோபிளாச வலை என்ற சவ்வுப் பின்னலில் பதிந்திருக்கும் ஸ்டிங்கில் போய் ஒட்டுகிறது. ஒட்டியதுமே வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. ஒட்டிய ஸ்டிங் வலையை விட்டுக் கிளம்பிக் கோல்கை என்ற இன்னொரு சவ்வு உறுப்புக்குப் போக வேண்டும். அங்கே அதன் 88, 91ஆம் இடங்களில் உள்ள சிஸ்டீன் அமினோ அமிலங்களில் பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பு ஏறுகிறது. டிபிகே1-ஐ மும்முரமாக வேலை வாங்குவதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நுண்ணோக்கியில் இது கண்கூடு. சும்மா இருக்கும் செல்லில் ஸ்டிங், உட்கருவைச் சுற்றிக் கொசுவலை விரித்த மாதிரி பரவிக் கிடக்கும். சிஜிஏஎம்பி கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்: வலை சுருங்கி, உட்கருவின் ஓரமாகப் பளிச்சென்று ஒரு திட்டு. ஆனால் அதே செல்களைக் கரைத்து வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தின் அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) ஓட்டினால், அந்த நேரத்தில் பட்டையின் தடிமனில் பெரிய வித்தியாசம் தெரியாது. "மாற்றமில்லை" என்று எழுதிவிடுவார்கள். இன்னும் சில மணி நேரம் போனால் ஸ்டிங் செல்லின் கழிவுக்கூடமான லைசோசோமில் சிதைந்து பட்டை மெலியும். அதைப் பாதை அணைந்ததற்கு அடையாளமாகப் படிப்பது அதைவிட மோசம். ஓடி முடித்ததால்தான் ஸ்டிங் குறைந்தது. மொத்த அளவோடு நிற்காமல், ஸ்டிங் இயங்கியதன் அடையாளமாக அதன் 366ஆம் அமினோ அமிலமான செரினில் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ப்ரெஃபெல்டின் ஏ என்ற மருந்து விஷயத்தில் நானே மாட்டியிருக்கிறேன். இன்டர்ஃபெரான் போன்ற சைட்டோகைன்கள் வெளியே போகாமல் செல்லுக்குள்ளேயே தங்கட்டும் என்று, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு முன் அதைச் சேர்ப்பது வழக்கம். பழக்க தோஷத்தில் சிஜிஏஎம்பி கொடுப்பதற்கு முன்பே ஊற்றிவிட்டேன். இன்டர்ஃபெரான் துளிகூட இல்லை. இரண்டு வாரம் சிஜிஏஎம்பி கெட்டுப்போயிற்று என்று திட்டிக்கொண்டிருந்தேன். எண்டோபிளாச வலையிலிருந்து கோல்கைக்குப் போகும் வழியையே அடைக்கும் மருந்து அது! ஸ்டிங் கிளம்ப வழியில்லாமல் உட்கார்ந்திருந்தது.

பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் வளைய டிஎன்ஏ) போட்டு ஸ்டிங்கை அளவுக்கு மீறி உண்டாக்கிவிட்டு, "தூண்டுதலே இல்லாமல் இயங்குகிறது" என்று வியப்பதும் உண்டு. அளவு மீறினால் அது தானாகவே இன்டர்ஃபெரானைக் கிளப்பும். 2008-இல் க்ளென் பார்பரின் குழு இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்ததே அந்தக் குணத்தை வைத்துத்தான். இருப்பிடம் பற்றிய கேள்விக்கு, செல்லில் இயல்பாக உள்ள அளவில்தான் பதில் தேட வேண்டும். ஒளிரும் புரதத்தை ஸ்டிங்கின் வால் முனையில் கோப்பதிலும் கவனம் வேண்டும், டிபிகே1 வந்து பிடிப்பது அந்த வாலைத்தான்.

மரபணுப் பிறழ்வு என்றதும் "புரதம் கெட்டுவிட்டது" என்று மட்டும் யோசிப்பதும் சரியல்ல. ஸ்டிங் மரபணுவின் பிறழ்வால் வருவதாக 2014-இல் விவரிக்கப்பட்ட சாவி (SAVI) என்ற நோயில் குழந்தைகளுக்குக் காய்ச்சல், தோல் புண், நுரையீரல் பாதிப்பு எல்லாம் வருகின்றன. அவர்களுடைய ஸ்டிங் சிஜிஏஎம்பி-க்குக் காத்திராமல் தானே கோல்கைப் பக்கம் போய்விடுகிறது. கோபா (COPA) நோய்க்குறி என்ற இன்னொரு பரம்பரை நோயில் ஸ்டிங்கில் பிழையே இல்லை. கோல்கையிலிருந்து அதைத் திருப்பிக் கொண்டுவரும் வண்டி பழுது. ஸ்டிங் அங்கேயே தேங்கி, இன்டர்ஃபெரான் ஏறுகிறது. ஸ்டிங் மரபணுவை மட்டும் வரிசைப்படுத்தினால் இந்த நோய் கண்ணில் படாது.

சி-காஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அது சைட்டோபிளாசத்தில் மட்டுமே இருக்கும் என்று இன்னமும் எழுதுகிறார்கள். உட்கருவில் அது நிறையவே இருக்கிறது, டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரத உருளைகளான நியூக்ளியோசோம்களோடு இறுகக் கட்டப்பட்டிருப்பதால் சொந்த டிஎன்ஏவைப் பார்த்தும் வாய் திறப்பதில்லை. உப்பு குறைந்த கரைசலில் செல்லை உடைத்துச் சுழற்றிப் பிரித்தால் அது மேலே உள்ள நீரில் வராது, அடியில் படிந்த உருண்டையில் தங்கிவிடும். அந்த உருண்டையைக் கொட்டிவிட்டு "உட்கருவில் சி-காஸ் இல்லை" என்று எழுதாதீர்கள்.