ஐரிஷ் மொழியில் சாட்சியம்: மொழிபெயர்ப்பாளரை அமர்த்துகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்து நீதிமன்றத்தில் ஐரிஷ் மொழியில் பேச விரும்புபவரிடம் கேட்கவே கூடாத கேள்வி, "உங்களுக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே?" என்பது. போலந்துக்காரர் ஒருவருக்கு ஆங்கிலம் புரியாததால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். ஐரிஷ் பேசுபவருக்கோ, இரு மொழியும் சரளமாக வந்தாலும், எந்த மொழியில் பேசுவது என்பது அவருடைய விருப்பம். 1937 அரசியலமைப்பு ஐரிஷை முதல் ஆட்சிமொழி என்கிறது. 2003 ஆட்சிமொழிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, அவர் தேர்ந்த மொழியில் அவரைக் கேட்பதையும், அந்தத் தேர்வால் அவருக்குப் பாதகம் நேராமல் பார்த்துக்கொள்வதையும் நீதிமன்றத்தின் கடமையாக்குகிறது.

இதை மறப்பதால் வரும் சிக்கல் குறுக்கு விசாரணையில்தான் வெளிப்படும். ஆங்கிலக் கேள்வி முடிந்ததும், மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் சாட்சி ஐரிஷில் பதில் சொல்லிவிடுவார். உடனே எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "புரிகிறதே, பிறகு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?" என்பார். காத்திருந்தாலோ, யோசிக்க அவகாசம் தேடுகிறார் என்பார். கேள்விகளையும் மொழிபெயர்க்க வேண்டுமா, பதில்களை மட்டுமா என்பதைச் சாட்சியம் தொடங்குமுன்பே நீதிபதி தீர்மானித்துவிட்டால் இந்த வாக்குவாதத்துக்கே இடமிராது.

கைக்குக் கிடைத்த யாரையாவது மொழிபெயர்க்க நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. 1882-இல் மாம்ட்ராஸ்னா கொலை வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட, ஐரிஷ் மட்டுமே அறிந்த மைல்ஸ் ஜாய்ஸுக்காக நிறுத்தப்பட்டவர் ஒரு காவலர். விசாரணையின் பெரும்பகுதி ஜாய்ஸுக்குப் புரியாத ஆங்கிலத்திலேயே நடந்து முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் தூக்கிலிடப்பட்ட அவருக்கு, 2018-இல்தான் குடியரசுத் தலைவரின் மன்னிப்பு வந்தது. இன்று காவலரை நிறுத்த மாட்டார்கள். ஆனால் பள்ளியில் ஐரிஷ் படித்த அலுவலர் போதும் என்ற நினைப்பும் ஏறத்தாழ அதே ரகம்தான். வடமேற்கிலுள்ள டொனகலின் பேச்சுக்கும் தென்மேற்கிலுள்ள கெர்ரியின் பேச்சுக்கும் உள்ள தொலைவை அறிந்து, சட்டச் சொற்களிலும் தேர்ந்தவரே வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். மேற்கு அயர்லாந்தில் ஐரிஷ் பேசும் பகுதியான கன்னமாராவைச் சேர்ந்த ஒருவர், மொழிபெயர்ப்பின்றித் தம் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஜூரி வேண்டுமென்று கேட்டபோது, உச்ச நீதிமன்றம் 2014-இல் பெரும்பான்மைத் தீர்ப்பால் அதை மறுத்தது. நீதிபதி ஹார்டிமன் மாறுபட்டு எழுதினார். ஆகவே ஜூரி வழக்கில் மொழிபெயர்ப்பாளர் சொல்வதே பல வேளைகளில் சாட்சியின் வாய்மொழி ஆகிவிடுகிறது.

ஐக்கிய இராச்சியத்தின் பகுதியான வட அயர்லாந்துக்கு இந்த 2003 சட்டம் பொருந்தாது. நீதிமன்றத்தில் ஆங்கிலம் மட்டுமே செல்லும் என்ற 1737-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க அங்கே வழிசெய்ததே 2022-இல் வந்த சட்டம்தான்.