பேன் தின்னும் மீனையும் கவனியுங்கள்

நார்வேயில் கடலில் சால்மன் மீன் வளர்க்கும் கூண்டுகளில் வேலைக்குப் புதிதாகப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சால்மன் தோலை அரித்துத் தின்கிற கடல் பேனைக் குறைக்க, கூண்டுக்குள் சின்ன மீன்களை விடுவார்கள். அங்கே அவற்றுக்கு ரென்செஃபிஸ்க் என்று பெயர், துப்புரவு மீன் என்று சொல்லலாம். மருந்துத் தெளிப்பான் மாதிரி இவற்றையும் ஒரு கருவியாகவே நினைத்துவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 2018-19இல் நார்வேயின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பண்ணைகளிடம் கணக்குக் கேட்டபோது, துப்புரவு மீன்களின் சாவு விகிதம் நடுநிலை அளவில் 42 சதவீதம் என்று வந்தது. சால்மனில் இவ்வளவு செத்திருந்தால் யாராவது சும்மா இருந்திருப்பார்களா?

முதலில் எந்த மீன் என்று பாருங்கள். முக்கியமாக இரண்டு வகை. லம்ப்ஃபிஷ் குளிருக்கு ஏற்றது, உருண்டையான உடம்பு, வயிற்றடியில் ஒட்டிக்கொள்ளும் வட்டு, மிதக்க உதவும் காற்றுப்பை கிடையாது, நீந்துவதில் ரொம்பச் சுமார். தண்ணீர் 15 டிகிரியைத் தாண்டிச் சூடாகும் இடத்தில் அதை விடாதீர்கள், நோய் சீக்கிரம் பிடிக்கும். ரேஸ் வகை மீன்கள் (நார்வேக்காரர்கள் உதட்டு மீன் என்பார்கள்) இதற்கு நேரெதிர், கோடையில் துறுதுறுவென்று இருக்கும், தண்ணீர் 5, 6 டிகிரிக்கு இறங்கினால் ஒடுங்கிப் படுத்துவிடும். நீரோட்டம் வேகமாக உள்ள இடமென்றால் லம்ப்ஃபிஷை விடுவதைப் பற்றியே இரண்டு தடவை யோசியுங்கள்.

மீன் வந்து இறங்கும் நாளில் சப்ளை செய்தவரிடம் தடுப்பூசி விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். வித்தியாசமான வகை ஃபுருன்குலோசிஸ், விப்ரியோசிஸ் இரண்டும்தான் இந்த மீன்களை அதிகம் வாட்டும் பாக்டீரியா நோய்கள், இரண்டுக்கும் ஊசி உண்டு. துடுப்பு கிழிந்தது, மெலிந்தது, கண் வெளுத்தது எல்லாவற்றையும் அப்போதே திருப்பி அனுப்புங்கள். பேனைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கும் என்பதால் கண் போன மீனால் பயனில்லை, பட்டினியும் கிடக்கும். வலைக்கண்ணுக்குள் நுழையும் அளவு சின்னதாக இருந்தால் தப்பிப்போகும், அல்லது சிக்கிச் சாகும். கடலில் பிடித்த மீனையும் குஞ்சுப் பண்ணை மீனையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்கு நோய் பரவலாம். 2012இல் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் ரேஸ் மீன்களில் விஎச்எஸ் என்ற வைரஸ் நோய் வந்தது, அதனால் இது வெறும் பயமுறுத்தல் இல்லை.

அப்புறம் மறைவிடம். மீனை விடுவதற்கு முன்பே அது கூண்டில் தொங்கவேண்டும். கெல்ப் என்ற பெரிய கடற்பாசி மாதிரி செய்த பிளாஸ்டிக் பட்டைகள்தான் வழக்கம். லம்ப்ஃபிஷ் ஒட்டிக்கொள்ள வழவழப்பான பரப்பு வேண்டும், ரேஸுக்கு இரவில் ஒதுங்கிப் படுக்க இடுக்கு வேண்டும். பட்டைகளில் அழுக்கும் சிப்பியும் படிந்துவிட்டால் லம்ப்ஃபிஷால் ஒட்ட முடியாது, ஓய்வில்லாமல் நீந்தி நீந்தியே தேய்ந்துவிடும், ஆகவே பட்டைகளைக் கழுவுவதை வலை கழுவும் வேலையோடு சேர்த்து அட்டவணையில் போட்டுவிடுங்கள்.

நிறைய பேர் தவறுவது தீனியில். "பேனைத் தின்னத்தானே விட்டோம், தீனி எதற்கு?" என்று கேட்பார்கள். பேன் குறைந்த வாரத்தில் அது எதைத் தின்னும்? பட்டினி கிடந்த மீனை நோய் எளிதாகத் தொற்றும். ரேஸுக்கு இரைப்பையே கிடையாது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தின்றால்தான் தாங்கும். மறைவிடத்துக்குப் பக்கத்தில் தீனிக்கட்டிகளைத் தொங்கவிடுவது நல்ல வழி, சால்மன் தட்டிப் பறிக்காது. மாதம் ஒருமுறையாவது சில மீன்களைப் பிடித்து எடை பாருங்கள், வயிறு ஒட்டியிருந்தால் தீனிக்கட்டி போதவில்லை என்று அர்த்தம்.

பேன் நீக்கும் நாள்தான் இவற்றுக்கு மிகப் பெரிய ஆபத்து. 28 முதல் 34 டிகிரி வெந்நீரில் சில நொடிகள் முக்கும் முறையையோ, தண்ணீரைப் பீய்ச்சும் முறையையோ சால்மன் ஓரளவு தாங்கும், துப்புரவு மீன் தாங்காது. இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே பொறிக்கூண்டு வைத்துப் பிடித்து வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். ரேஸுக்குக் காற்றுப்பை மூடிய வகை என்பதால் ஆழத்திலிருந்து வலையை விறுவிறுவென்று இழுத்தால் அது ஊதி உடம்புக்குள் காயமாகும், மெதுவாக ஏற்றுங்கள். பிடித்த மீனைக் காற்றில் வைத்துப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். பிழைக்காது என்று தெரிகிற மீனை அப்படியே விடாமல், மயக்க மருந்தை அதிக அளவில் கொடுத்து முடித்துவிடுங்கள்.

செத்த மீனைத் தினமும் எடுங்கள், சால்மனோடு சேர்க்காமல் வகை வகையாக எண்ணுங்கள். லம்ப்ஃபிஷ் சீக்கிரம் அழுகிக் கரைந்துவிடும், பட்டைகளுக்குள்ளும் சிக்கிக்கொள்ளும், அதனால் உங்கள் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும் என்பதை நினைவில் வையுங்கள். தோலிலும் கண்ணைச் சுற்றியும் வெள்ளைப் புள்ளிகள், துடுப்படியில் சிவப்பு என்று தெரிந்தால் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம். செத்துக் கொஞ்ச நேரமே ஆன ஐந்தாறு மீன்களைப் பனிக்கட்டியில் வைத்து, அன்றைக்கே மீன் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.