அமெரிக்க டிவிடெண்டில் பிடித்த வரியை இங்கே கழிப்பது எப்படி?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் சித்தி மகள் ஒரு அமெரிக்க நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். சம்பளத்தோடு அந்த நிறுவனப் பங்குகளும் கொடுக்கிறார்கள். "அண்ணா, டிவிடெண்ட் (பங்குக்கான லாபப் பங்கு) 300 டாலர் வந்தது, அதைத்தானே காட்டணும்?" என்று கேட்டாள். ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பார்த்தால் டிவிடெண்ட் 400, பிடித்த வரி 100, கைக்கு வந்தது 300. பலர் தவறுவது இங்கேதான். வருமானமாகக் காட்ட வேண்டியது 400.

முதலில் விகிதத்தைப் பாருங்கள். இந்தியா-அமெரிக்கா இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி தனிநபர் டிவிடெண்டில் அங்கே அதிகபட்சம் 25% பிடிக்கலாம். புரோக்கரிடம் டபிள்யூ-8பென் படிவம் (அமெரிக்கர் அல்ல என்று அறிவிப்பது) கொடுக்காவிட்டால் 30% பிடிப்பார்கள். அந்தக் கூடுதல் 5% இங்கே கழியாது.

அடுத்து தேதி. அமெரிக்க ஸ்டேட்மென்ட் ஜனவரி முதல் டிசம்பர் வரை, நம் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. 2024-25 கணக்குக்கு 2024, 2025 இரண்டு ஸ்டேட்மென்ட்டும் வேண்டும். ஒவ்வொரு டிவிடெண்டையும் தேதி பார்த்துப் பிரித்தெடுங்கள்.

அப்புறம் ரூபாய்க்கு மாற்ற வேண்டும். கூகுள் காட்டும் விலை செல்லாது. டிவிடெண்ட் வந்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் எஸ்பிஐ டிடி (TT, டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) வாங்கும் விலைதான் கணக்கு. ஆகஸ்டில் வந்ததென்றால் ஜூலை 31-ன் விலை.

இப்போது கணக்கு. டாலர் ₹84 என்று வைத்துக்கொள்வோம். வருமானம் ₹33,600, அங்கே பிடித்த வரி ₹8,400. உங்கள் மொத்த வருமானத்துக்கு இந்திய வரி சராசரி 28% என்றால், இந்த டிவிடெண்டுக்கு இங்கே ₹9,408. அதில் 8,400 கழிந்து ₹1,008 கட்டினால் போதும். சராசரி 15% என்றால் இங்கே வரி ₹5,040, கழிவதும் அவ்வளவுதான். மீதி ₹3,360 திரும்ப வராது, அடுத்த ஆண்டுக்கும் போகாது. இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

ஐடிஆர் (வருமான வரி ரிட்டர்ன்) போடும் முன்பே, வெளிநாட்டு வரியை இங்கே கழிக்கக் கேட்கும் ஃபார்ம் 67-ஐ முடித்துவிடுங்கள். மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடியும்வரை அவகாசம் இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். இ-ஃபைலிங் தளத்தில் லாகின் செய்து, வருமான வரிப் படிவங்கள் பகுதியில் அதைத் தேர்ந்தெடுங்கள். நாடு, வருமானம், வரி, ஒப்பந்த விகிதம் நிரப்பி, வரி பிடித்ததற்கான ஸ்டேட்மென்ட்டை இணைத்துச் சமர்ப்பியுங்கள்.

ஐடிஆர்-1 இதற்கு ஆகாது. பிசினஸ் வருமானம் இல்லாதவர்களுக்கு ஐடிஆர்-2. அதில் எஃப்எஸ்ஐ (வெளிநாட்டு வருமானம்) ஷெட்யூலில் வருமானமும் டிஆர் (வரி நிவாரணம்) ஷெட்யூலில் கழிவும் ஃபார்ம் 67-ல் போட்ட அதே எண்களாக வர வேண்டும். எஃப்ஏ (வெளிநாட்டுச் சொத்து) ஷெட்யூலில் பங்குகளையே காட்ட வேண்டும், அங்கே மட்டும் டிசம்பரில் முடியும் ஆண்டுக் கணக்கு.

நம்மூரில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குபவர்கள் நிறைய. அதை இந்த வழியில் போட்டுவிடாதீர்கள். 1992-ல் கையெழுத்தான பிரான்ஸ் ஒப்பந்தத்தில் அரசு பென்ஷனுக்கென்று தனி விதி இருக்கிறது, அதை ஆடிட்டரிடம் காட்டிக் கேட்ட பிறகு போடுங்கள்.